உலைக்காரர்கள் குடிக்கும் தண்ணீர்

என் தம்பிக்கு ஃபேக்டரியில் ஒட்டகம் என்று பெயர். ஷிஃப்ட் முழுக்க வாயில் சொட்டுத் தண்ணீர் படாமல் உலைக்கு முன்னால் நிற்பான் என்பதற்காக வைத்த பெயர். அவனும் அதை ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். கேன்டீனுக்குள் அவன் நுழைந்தால் ஒட்டகம் வருது வழி விடுங்கப்பா என்று கூட்டாளிகள் சத்தம் போடுவார்கள், இவன் பல்லைக் காட்டுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒட்டகத்துக்காவது முதுகில் திமில் இருக்கிறது, உனக்கு எலும்புதானே துருத்திக்கொண்டு நிற்கிறது, எதை வைத்துடா இந்தப் பெருமை என்று கேட்பேன். உனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா என்று போய்விடுவான்.

எங்களுடையது பாட்டிலும் ஜாடியும் ஊதும் கண்ணாடி ஃபேக்டரி. நான் பார்வை பார்க்கும் ரூமில் வேலை செய்கிறேன். செய்து ஆறி வந்த ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, எங்காவது மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். பெண்கள் மட்டும் உட்காரும் ரூம். மூலையில் கேன் கவிழ்த்த ஒரு கூலர் இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் சில்லென்று வரும். ஆபீஸ் ஆட்களும் அங்கேதான் வந்து குடிப்பார்கள். உலைக்காரர்கள் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள்.

அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். அவர்தான் உலைக்கு மேஸ்திரி. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாள் அவர் ஒரு காரியம் செய்து காட்டுவார். ஊதுகுழலின் நுனியில் அரைகுறையாக ஊதின ஜாடி ஒன்றைத் தொங்கவிட்டு, சிவப்பு அடங்கும் நேரத்தில் அதன்மேல் ஒரு கை சில்லுத் தண்ணீர் தெளிப்பார். டப்பென்று வெடித்து, துண்டு துண்டாகக் காலடியில் கொட்டும். வந்தவன் ஒரு அடி பின்னால் குதிப்பான். அவனுடைய மார்பில் விரலை வைத்து, இதுதான் உன் நெஞ்சுக்கூடு, இங்கே நிற்கும்போது உள்ளே இப்படித்தான் தகதகவென்று இருக்கும், சில்லுத் தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள் என்பார். அதற்குமேல் எவன் கூலர் பக்கம் வருவான்?

இவராக இட்டுக்கட்டினதும் இல்லை. இவருக்கு முன்னால் இருந்த மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது. என்றைக்கோ ஒரு உலைக்காரன் ஐஸ் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு நின்ற இடத்தில் விழுந்து செத்தானாம். அந்த ஆள் அன்றைக்கு எத்தனை நேரமாக வெந்துகொண்டிருந்தான், விழுவதற்கு முன்னால் எப்படி இருந்தான் என்று நான் கேட்டால் யாருக்கும் தெரியாது. குடித்தான், விழுந்தான், அவ்வளவுதான். எனக்கு வாய் நீளம் என்று பெயர் வந்ததே இந்த மாதிரிக் கேள்விகளால்தான்.

ஆக, உலைக்காரர்கள் குடிப்பதற்கென்று தனியாக ஒரு இரும்பு டிரம். அதை வேண்டுமென்றே உலையின் பின்சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள். உடம்பும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டுமாம். டீத்தூளைப் போட்டால் டீ ஆகிவிடும், அப்படி ஒரு தண்ணீர். துரு வாடை வேறு. நான் ஒரு தடவை வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு அங்கேயே துப்பினேன். வியர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கிறவன் அதை எத்தனை டம்ளர் குடிப்பான்? உதட்டை நனைத்துக்கொண்டு போவான். நாளாக ஆக அதுவும் தேவைப்படாமல் போகும். தாகம் செத்துப்போவதைத் தெம்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிற கூட்டம் அது. அந்தக் கூட்டத்தில் என் தம்பி முதல் ஆள்.

என் வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். அப்பா போன பிறகு அம்மாவையும் தம்பியையும் எங்களோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டவர் அவர். ஒரு நாள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியது கிடையாது. தம்பியை உலையில் சேர்த்து, குழலை எப்படிப் பிடிப்பது, மூச்சை எப்படி விடுவது, எந்த நிறத்தில் ஊத வேண்டும், எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும் என்று கூடவே நின்று கற்றுக்கொடுத்தார். தம்பிக்கு அவர் மாமா மட்டும் இல்லை. மாமா உட்கார் என்றால் உட்காருவான், எழுந்திரு என்றால் எழுந்திருப்பான். அக்கா சொல்வதுதான் காதில் ஏறாது.

வீட்டில்கூட அவர் சில்லென்று எதுவும் தொட மாட்டார். ஃப்ரிட்ஜில் காய்கறி மட்டும்தான். நான் வேண்டுமென்றே அவர் முன்னால் ஒரு பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடிப்பேன், இன்னும் வெடிக்கலையே என்பேன். நீ உலை முன்னாடி நிக்கறவளா என்பார். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

ஒரு நாள் தம்பி பாத்ரூமில் தண்ணீர் ஊற்றாமல் வந்துவிட்டான். திட்டப் போனவள் பார்த்தேன், மூத்திரம் டிகாஷன் நிறத்தில் போயிருந்தான். இவரிடம் சொன்னேன். உலைச் சூடு, எங்க எல்லாருக்கும் அப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை ரெஸ்ட் எடுத்தால் சரியாகிவிடும் என்றார். தம்பியிடம் சொன்னேன். போக்கா, இதையெல்லாமா பார்ப்பே என்று வெட்கப்பட்டான். மறுநாளிலிருந்து கூலர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, ஈரத்துணி சுற்றி, அவன் பைக்குள் வைத்தேன். சாயங்காலம் மூடி திறக்காமல் அப்படியே திரும்பி வரும். ஏன்டா என்றால், மாமா பார்த்தா வருத்தப்படுவாருக்கா என்பான். மாமாவின் மனசு நோகக் கூடாது, தன் மூத்திரப்பை வெந்தாலும் பரவாயில்லை. இதை எங்கே போய்ச் சொல்வது?

அந்த நாள் காற்று அசையவே இல்லை. உலைக்கு மேலே சூட்டை இழுத்து வெளியே தள்ளும் பெரிய ஃபேன் முந்தின நாளே மோட்டார் கருகி நின்றுவிட்டது. ஆர்டர் அவசரம், உலையை அணைக்க முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அணைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழம்பு இறுகிப்போய் உலையையே இடிக்க வேண்டிவரும், அது எனக்கும் தெரியும். ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்துங்கள் என்று காலையில் கிளம்பும்போதே இவரிடம் சொன்னேன். பார்த்துக்கிறேன் என்றார். பார்த்தும் கொண்டார், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வயசானவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தெம்பானவர்களைத் தன்கூட நிறுத்திக்கொண்டார். தெம்பானவன் என்றால் ஒட்டகம்தானே.

அதற்கப்புறம் நடந்ததைப் பிறகு கூட இருந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மதியத்துக்கு முன்னால் தம்பி சம்பந்தமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தானாம். கையிலிருந்த குழலைப் பார்த்து இது யாருது என்று கேட்டானாம். தமாஷ் பண்ணுகிறான் என்று எல்லோரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். பிறகு மாமாவைப் பார்த்து அப்பா என்று கூப்பிட்டானாம். அதற்கும் சிரித்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கால் பின்னி, குழலோடு சரிந்து விழுந்துவிட்டான்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டால் வெளி ஆட்கள் யாரும் நம்ப மாட்டார்கள். கண்ணாடி வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் அது நியாயமாகப் படும். ஊதி முடித்த ஜாடியை நாங்கள் அப்படியே வெளியில் வைப்பதில்லை. வைத்தால் காற்றுப் பட்டே தெறித்துவிடும். அதற்கென்று ஒரு நீளச் சூளை இருக்கிறது. ஒரு முனையில் நல்ல சூடு, போகப் போகக் குறைந்து, மறுமுனையில் கை பொறுக்கிற சூடு. அதற்குள் ஊர்ந்து ஊர்ந்து வந்தால்தான் ஜாடி பிழைக்கும். சூளை இருக்கும் அறையை ஆறுற ரூம் என்போம். மயங்கி விழுந்த என் தம்பியை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் அந்த அறையில் போட்டார்கள். சூளையின் ஓரமாகப் பலகை போட்டு, மேலே சாக்கைப் போர்த்தி, கதவைச் சாத்தினார்கள். மெல்ல மெல்ல ஆறட்டும் என்று.

கேட்டீர்களா கொடுமையை! பாசத்தில் செய்தார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத வயிற்றெரிச்சல்.

எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ரூமுக்கு ஜாடிக் கூடை தள்ளிக்கொண்டு வருகிறவள் ஒருத்தி இருக்கிறாள். ஓயாமல் பேசுவாள் என்பதால் ரேடியோ என்று கூப்பிடுவோம். அவள் கூடையை இறக்கிக்கொண்டே, உன் தம்பி அங்கே சொகுசா படுத்துத் தூங்குறான், நாம இங்கே மாரடிக்கிறோம் என்றாள். எங்கே என்றேன். ஆறுற ரூமில் என்றாள், எப்போதிருந்து என்றேன், அது ஆச்சு அரை மணிக்கு மேல என்றாள். கையில் இருந்த ஜாடியை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. தம்பியின் தலை என் வீட்டுக்காரர் மடியில் இருந்தது. டிரம் தண்ணீரில் துணியை நனைத்து அவன் உதட்டில் பிழிந்துகொண்டிருந்தார். தண்ணீர் உள்ளே போகாமல் கன்னத்தில் வழிந்தது. சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு நெற்றியில் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரத்தைத் தொட்ட மாதிரி கை தானாகப் பின்னால் வந்தது. உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கண் பாதி திறந்து வெள்ளை மட்டும் தெரிந்தது. கால் விரல்கள் இழுத்துக்கொண்டிருந்தன.

"வெளியே தூக்குங்க. தண்ணி ஊத்தணும்" என்றேன்.

"கிட்ட வராதே. இப்பத்தான் கொஞ்சம் அடங்குறான். சில்லுனு பட்டா வெடிச்சிடுவான்டி."

அவர் அழுதுகொண்டிருந்தார். முகம் முழுக்க ஈரம். அவரோடு வாதாட எனக்கு நேரம் இல்லை. திரும்பி ஓடினேன். கூலர் தலையில் இருந்த கேனைப் பிடுங்கினேன், பக்கத்தில் ஆபீஸ் ஃப்ரிட்ஜில் கிடந்த ஐஸ் தட்டுகளையும் பாட்டில்களையும் ரேடியோ தன் முந்தானையில் அள்ளிக்கொண்டாள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் அவள் என் பின்னால் ஓடிவந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கதவுக்குக் குறுக்கே இவர் நின்றார். என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை என் மேல் கோபமாகப் பட்டது அன்று ஒரு நாள்தான். நான் கடித்தேன். ஆமாம், கட்டின புருஷனைப் பல் பதியக் கடித்தேன். கை தளர்ந்ததும் உள்ளே போய்க் கேனைச் சாய்த்தேன். தலையில், கழுத்தில், மார்பில், அக்குளில், தொடையில். ரேடியோ ஐஸை அவன் சட்டைக்குள் கொட்டினாள்.

அப்போது தம்பி கத்தினான். அதுவரை முனகல்கூட இல்லாமல் கிடந்தவன், அடிவயிற்றிலிருந்து ஒரு அலறல். உலைக்காரர்கள் அத்தனை பேரும் வாசலில் கூடி நின்று அதைக் கேட்டார்கள். யாரோ ஒருவன், போச்சு, வெடிச்சிட்டான் என்றான். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் நிறுத்தவில்லை. கேன் காலியாகும்வரை ஊற்றினேன். ஃபேக்டரி வேனில் படுக்கவைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வழியெல்லாம் பாட்டில் பாட்டிலாக ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பியே பார்க்காமல் வந்தார்.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம், தூங்கி எத்தனை நாள் ஆனதோ. தம்பியை உள்ளே கொண்டுபோய் நெடுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். விழுந்ததும் என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம் அந்த அறையில் கிடந்தான், யார் தண்ணீர் ஊற்றியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான்தான் எல்லாம் சொன்னேன். ஆறுற ரூம் என்றபோது அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தத் தண்ணிதான் இவரை உயிரோட இங்க கொண்டு வந்திருக்கு" என்றாள். "விழுந்த உடனே ஊத்தியிருந்தா நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாரு. சூட்டுல வச்சிருந்த நேரம்தான் மூளையையும் கிட்னியையும் கெடுத்திருக்கு."

இவர் மெல்ல, கொதிக்கிற உடம்பில் சில்லுத் தண்ணீர் பட்டால் உள்ளே ஏதாவது தெறித்துவிடாதா என்று கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை கேட்பது போலக் கேட்டார். டாக்டர் கோபப்படவில்லை. மனுஷ உடம்பு கண்ணாடி இல்லீங்க என்றாள். வேகமாகக் குடித்தால் சிலருக்குத் தலை வலிக்கும், வயிறு பிடிக்கும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது, வயிற்றுக்குப் போன சில நிமிடங்களில் தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும் என்றாள். வெயிலிலும் நெருப்பிலும் வேலை செய்கிறவர்கள் குளிர்ந்த தண்ணீர் இருந்தால் நிறையக் குடிப்பார்கள், கொதிக்கிற தண்ணீர் என்றால் குடிக்காமல் விட்டுவிடுவார்கள், அந்த வித்தியாசத்தில்தான் ஆள் பிழைக்கிறானா இல்லையா என்பது இருக்கிறது என்றும் சொன்னாள்.

இவர் எல்லாவற்றையும் கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஒரு எழுத்து விடாமல் கேட்டார். காரிடார் பெஞ்சில் உட்கார்ந்து, நான் கடித்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நேரத்தில் வடிந்துவிட்டது. தெரியாமல் நடந்துபோனது, நீங்களே அம்மாவிடமும் உலைக்காரர்களிடமும் டாக்டர் சொன்னதைச் சொல்லுங்கள், உங்கள் வாயால் சொன்னால்தான் எடுபடும் என்றேன். தலையை ஆட்டினார்.

தம்பி பிழைத்தான். பிழைத்தான் என்ற வார்த்தையை அம்மா முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாக்கு தடிப்பாகிவிட்டது. ஒரு வாக்கியம் பேசி முடிக்க முகமெல்லாம் கோணும். எழுந்து நின்றால் குடித்தவன் போல ஒரு பக்கமாகச் சாய்வான். டம்ளரைப் பிடித்தால் வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் கொட்டும். மூச்சை நூல் மாதிரி விட்டு ஜாடி ஊதினவன், மெழுகுவத்தியை அணைக்கப் பாடுபட்டான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம் அழுத்திச் சொன்னாள். கிட்னி பாதிதான் தேறியிருக்கிறது, இனிமேல் உங்கள் தம்பி தண்ணீர் குடிப்பதைப் பொறுத்துத்தான் எல்லாம், சிறுநீர் வெளிறிய நிறத்தில் போக வேண்டும், எந்தத் தண்ணீர் அவருக்குப் பிடிக்கிறதோ அதைக் கொடுங்கள், குளிர்ச்சியாகக் கேட்டால் குளிர்ச்சியாகவே கொடுங்கள், நிறையக் குடித்தால் சரி என்றாள். குடிக்காவிட்டால் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிற நிலைமை வரும், அதற்கப்புறம் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். இதையும் இவர் கேட்டார்.

வாசலில் கால் வைத்ததுமே, ஆஸ்பத்திரிக்கு வராமல் வீட்டிலேயே காத்துக்கிடந்த அம்மா கேட்டாள், என் பிள்ளைக்கு என்னாச்சு மாப்பிள்ளை என்று. நான் இவர் முகத்தைப் பார்த்தேன். "எல்லாம் நேரம் அத்தை" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சரி, ஆஸ்பத்திரி அலைச்சல், நாளைக்குச் சொல்வார் என்று நினைத்தேன். மறுநாளும் சொல்லவில்லை. உலைக்காரர்கள் கும்பலாகப் பார்க்க வந்தார்கள். தம்பியின் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, அந்த ஒரு அலறலைப் பற்றியே பேசினார்கள். அமைதியா தூங்கிட்டு இருந்தான், தண்ணி பட்டதும் பாரு என்று அவர்களில் ஒருவர் தொடங்கினார், பாதியில் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கு நமநமவென்றது. இவர் சொல்லட்டும், இவர் சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் வாழ்நாளில் நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஒரே காலம் அது. எதற்காகப் பொத்தினேனோ!

அன்று சாயங்காலம் அம்மா ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். அடுப்பில் எப்போதும் ஒரு கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. ஆறாத தண்ணீரைக் கரண்டியால் எடுத்து ஊதி ஊதி அவனுக்குக் கொடுத்தாள். நாலு வாய்க்கு மேல் அவனால் முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஊத்தினது போதாதா என்றாள். பெற்றவள் சொன்னாள் அதை. நான் சமையலறைக்குள் போய் நின்று அழுதேன்.

இவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டேன். எல்லாரும் அவர்கள் பாட்டுக்கு என்னைக் கொலைகாரி மாதிரிப் பார்க்கிறார்கள், உங்களுக்கு உறுத்தவே இல்லையா என்றேன். அந்த உலையில் நாற்பது பேர் இருக்கிறார்கள், எல்லாருக்கும் முதல் நாள் தண்ணீர் தெளித்துக் காட்டினவன் நான், அவர்கள் முன்னால் இதை எப்படிச் சொல்வேன் என்றார். என் தம்பியை விடவா அவர்கள் பெரிசு என்றேன். அவன் மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்வேன் என்றார்.

போன வாரம் செக்கப்புக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் உதட்டைப் பிதுக்கினாள். தண்ணீர் குடிக்கிறாரா இல்லையா, உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் மெஷின்தான் என்றாள். வரும் வழியில் தம்பியின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். ரோட்டோரக் கடையில் ஐஸ் பெட்டியைத் திறந்து ஒருவன் பாட்டில் எடுத்தபோது இவனுடைய கண் அதன் பின்னாலேயே போயிற்று. வாங்கித் தரவா என்றேன். படாரென்று தலையைத் திருப்பிக்கொண்டான். உடம்பு கேட்கிறது, பயம் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீர் வாங்கிவந்தேன். ஐஸ்கூட இல்லை, சும்மா குளிர்ச்சிதான். தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தான். பக்கத்தில் இவர் உட்கார்ந்து கெட்டில் தண்ணீரைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலை விட்டு வந்ததும் தினமும் அவர்தான் கொடுப்பார். அம்மா வாசற்படியில் நின்றாள். நான் சொம்பை நீட்டினேன். தம்பி சுவரோடு ஒண்டிக்கொண்டான். வாய் கோணி, எச்சில் வழிய, ஒவ்வொரு எழுத்தாகக் கஷ்டப்பட்டுக் கேட்டான்.

"ஏன்க்கா ஊத்தினே?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் தம்பியின் வாயைத் துண்டால் துடைத்துவிட்டு, "விடு மச்சான். அக்கா தெரியாம செஞ்சிட்டா" என்றார்.

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கொட்டித் தீர்த்தேன். ஆறுற ரூம், சாக்கு, அரை மணி நேரம், டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும். உன்னை வெந்துபோக வைத்தது அந்த ரூம், இழுத்து வெளியே போட்டது நான் ஊற்றின தண்ணீர், இதைப் பக்கத்தில் நின்று உன் மாமாவும் கேட்டார், இல்லை என்று சொல்லச் சொல் பார்க்கலாம் என்றேன். குரல் தெருவரை கேட்டிருக்கும். இதைக் குடிக்காவிட்டால் நீ செத்துப்போவாய்டா என்றும் சொல்லிவிட்டேன். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கழுத்தைச் சிரமப்பட்டுத் திருப்பி இவரைப் பார்த்தான்.

"அப்படியா மாமா?"

இவர் கரண்டியைக் கெட்டில் தண்ணீரில் முக்கினார். ஆவி பறந்தது. மூன்று தடவை ஊதினார். அவர் கண் நிறைந்து மூக்கோரம் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க மச்சான்."

கையில் சொம்போடு நான் நின்றுகொண்டிருந்தேன். தம்பி கண்ணை மூடிக்கொண்டு, அவருக்கு முன்னால் வாயைத் திறந்தான்.